அமெரிக்காவில் குறைந்த விலைக்குப் பழைய அமெரிக்க காம்பாக்ட் கார் வாங்குவது எப்படி

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த புதிதில், ஐயாயிரம் ஆறாயிரம் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு கார் தேடும் நம்மவர்களில் பெரும்பாலோர் டொயோட்டா கொரோலா, ஹோண்டா சிவிக் என்ற இரண்டு பெயர்களைத் தாண்டிப் பார்ப்பதில்லை. எல்லோரும் அவற்றையே கேட்பதால் அவற்றின் விலை எளிதில் இறங்குவதில்லை. அதே பணத்துக்கு ஃபோர்டு ஃபோகஸ், ஷெவர்லே குரூஸ், டாட்ஜ் டார்ட் போன்ற அமெரிக்க கார்கள் வயதிலும் ஓடிய மைலிலும் குறைந்தவையாகக் கிடைக்கும். இந்த மலிவுக்குக் காரணம் உண்டு. அது ஒவ்வொரு காருக்கும் வேறுபடும். சிலவற்றில் அது கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது, சிலவற்றில் முகப்பில் ஒட்டியிருக்கும் பெயரில் மட்டுமே இருக்கிறது. ஆகவே விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கும் முன், எந்த ஆண்டு, எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு காரிடமும் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஃபோகஸ். 2012 முதல் 2018 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோகஸ் பார்வைக்கு அழகானது, ஓட்டுவதற்கும் இனிமையானது. ஆனால் அதன் ஆட்டோமேட்டிக் வகைகளில் பெரும்பாலானவற்றில் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகளைக் கணினியே அழுத்தி விடுவிக்கும் அந்த அமைப்பு, மெதுவாக நகரும்போது வண்டியை உதறியது, கிளம்பும்போது தயங்கியது. அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி பழுதானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவிசை அற்றுப்போகவும் செய்தது. ஃபோர்டு கிளட்சுக்கான உத்தரவாதத்தை ஏழு ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் வரை நீட்டித்தது. உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து தொடுத்த வழக்கும் சமரசத்தில் முடிந்தது. அந்தக் கார்களுக்கான நீட்டிப்பு இப்போது காலாவதியாகிவிட்டதால், இனி கிளட்ச் போனால் செலவு முழுவதும் வாங்குபவருடையதே. ஆகவே எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இந்த ஆண்டுகளின் ஆட்டோமேட்டிக் ஃபோகஸை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே கியர்பாக்ஸ் உள்ள ஃபியெஸ்டாவுக்கும் இது பொருந்தும்.

ஆனால் அதே ஃபோகஸ் மேனுவல் கியருடன் வந்தால் இந்தத் தொல்லை அதில் கிடையாது. ஊரில் மேனுவல் வண்டியில்தான் ஓட்டக் கற்றோம் என்பவர்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. இங்கே மேனுவல் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதால் அத்தகைய கார்களுக்குப் போட்டியும் குறைவு. மேனுவலானாலும் சரி, ஆட்டோமேட்டிக்கானாலும் சரி, எரிபொருள் ஆவியைக் கையாளும் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும் குறைக்காக 2012 முதல் 2018 வரையிலான ஃபோகஸ்களில் சுமார் பதின்மூன்று லட்சம் கார்களை ஃபோர்டு 2018-இல் ரீகால் செய்தது, அதாவது இலவசமாகச் சரிசெய்து தரத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் காரில் அந்தப் பழுது பார்க்கப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். பெட்ரோல் முள் தாறுமாறாக ஆடினால் சந்தேகப்படுங்கள். இன்னும் குறைந்த விலைக்கு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்கள் 2008 முதல் 2011 வரையிலான முந்தைய தலைமுறை ஃபோகஸைத் தேடலாம். அதில் இருப்பது பழைய பாணி நான்கு வேக ஆட்டோமேட்டிக்கும், எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உள்ள இரண்டு லிட்டர் எஞ்சினும்தான். எஞ்சின் மவுண்ட் தேய்ந்து நின்ற இடத்தில் அதிரும், பின்சக்கர வளைவுகளில் துருப் பிடிக்கும். இரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டக்கூடிய குறைகள் என்பதால் விலை பேசும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

குரூஸ் 2011 மாடலாக அமெரிக்காவில் அறிமுகமானது. இதில் 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் உள்ளதே அதிகம் கிடைக்கும். அதன் பலவீனம் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் இருக்கிறது. வாட்டர் பம்ப்பிலும் பிளாஸ்டிக் இணைப்புகளிலும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசியும். வால்வு கவரில் உள்ள மெல்லிய ரப்பர்த் தகடு கிழிந்தால் எஞ்சின் நிலையாக ஓடாமல் சீறும். பானட்டைத் திறந்தவுடன் கூலன்ட் தொட்டியில் மட்டம் குறியீட்டுக்குக் கீழே இருக்கிறதா, உள்ளே ஹீட்டரைப் போட்டால் இனிப்பான ஒரு வாடை வருகிறதா என்று பாருங்கள். முதல் தலைமுறையின் எல்.எஸ். வகையில் உள்ள 1.8 லிட்டர் எஞ்சினில் டர்போ இல்லை என்பது நிம்மதி. ஆனால் அதில் டைமிங் பெல்ட் உண்டு. 1,00,000 மைல் வாக்கில் அதை மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். அது அறுந்தால் எஞ்சினே பாழாகிவிடும்.

கையில் இன்னும் குறைவான பணம் உள்ளவர்களுக்கு 2005 முதல் 2010 வரையிலான ஷெவர்லே கோபால்ட் கண்ணில் படும். சாவிக்கொத்தின் எடையிலேயே இக்னிஷன் சுவிட்ச் நழுவி, எஞ்சின் நின்று, விபத்து நேர்ந்தால் ஏர்பேக்கும் விரியாமல் போகும் குறைக்காக 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பப் பெற்ற கார்களில் இதுவே முதன்மையானது. அந்தக் குறையால் 124 பேர் இறந்ததாக நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. சுவிட்ச் மாற்றப்பட்டதற்கான உறுதி இல்லாமல் அந்தக் காரைத் தொட வேண்டாம். டாட்ஜ் டார்ட் 2013 முதல் 2016 வரை மட்டுமே வந்தது, அதன் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயிலைக் குடிப்பதில் பெயர்பெற்றது என்பதால், ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்க்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது.

பெயரில் மட்டுமே மலிவாக இருக்கும் கார் என்று சொன்னேனே, அது பான்டியாக் வைப். 2003 முதல் 2010 வரையிலான இந்தக் கார், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையில் உருவானது. இன்று டெஸ்லா தன் கார்களில் ஒரு பகுதியை உருவாக்குவது அதே ஆலையில்தான். வெளியே பான்டியாக் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது டொயோட்டா மேட்ரிக்ஸின் அடித்தளமும் எஞ்சினும். 1.8 லிட்டர் எஞ்சின் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், 2.4 லிட்டர் ஆயிலை எரிக்கக்கூடியது. பான்டியாக் என்ற பெயரே 2010-இல் மூடப்பட்டுவிட்டதால் பலர் தயங்கி ஒதுங்குகிறார்கள். எஞ்சின் உதிரிபாகங்களுக்கு டொயோட்டா கடையே போதும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் லாபம். வயது கூடிய கார்தான் என்றாலும், நண்பர்கள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

காரை முடிவு செய்தபின், நேரில் போவதற்கு முன்பே காரின் அடையாள எண்ணான, பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட வின் எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. அதன் பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும். சி என்றால் 2012, ஜி என்றால் 2016. விளம்பரத்தில் உள்ள ஆண்டோடு அது பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (NHTSA) இணையதளத்தில் இந்த எண்ணை இட்டால், சரிசெய்யப்படாத ரீகால் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துவிடும். காப்பீட்டுக் குற்றத் தடுப்புக்கான தேசிய அமைப்பின் (NICB) தளத்தில், கார் திருடப்பட்டதா, முழுச் சேதம் என்று ஒதுக்கப்பட்டதா என்பதையும் பணம் கட்டாமலே பார்க்கலாம். காரின் கடந்தகால வரலாற்றைத் தொகுத்துத் தரும் கார்ஃபேக்ஸ் அறிக்கைக்குப் பணம் உண்டு. அது பயனுள்ளதே, ஆனால் காவல்துறைக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ சொல்லாமல் மறைக்கப்பட்ட விபத்து அதில் வராது.

டைட்டில் என்று அழைக்கப்படும் உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ் (முழுச் சேதம் என்று ஒதுக்கப்பட்டது), ரீபில்ட் (அப்படி ஒதுக்கியதைச் சரிசெய்தது), ஃப்ளட் (வெள்ளத்தில் மூழ்கியது) என்ற சொற்களில் எது இருந்தாலும், முதல் கார் வாங்குபவர் விலகிவிடுவதே நல்லது. 2012-இல் சாண்டி புயலிலும் 2017-இல் ஹூஸ்டனை மூழ்கடித்த ஹார்வியிலும் நனைந்த கார்கள் துடைத்து உலர்த்தப்பட்டு வேறு மாநிலங்களின் சந்தைகளுக்குப் போயின. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவோ மண்ணோ படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திரத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீரவில்லை என்று பொருள். அப்போது விற்பவரோடு அந்த வங்கிக்கே சென்று பணத்தைக் கட்டிப் பத்திரத்தை விடுவிப்பதே பாதுகாப்பானது. விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பருடைய கார், மைத்துனருடைய கார் என்று கதை சொல்பவர்களில் பலர், உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்பவர்கள்.

பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் முதல் காரை வாங்கப் போனபோது விற்றவர் அதைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தார். நான் அதை நல்லெண்ணம் என்று நினைத்தேன். மறுநாள் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தபோதுதான் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது, பழுதுபார்க்க அந்த மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் பானட்டின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன், சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுகிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலை மட்டும் போதாது. மணிக்குப் பத்து, பதினைந்து மைல் வேகத்தில், நின்று நின்று நகரும் தெருவில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். ஆட்டோமேட்டிக்கின் உதறலும் தயக்கமும் சூடேறிய பிறகு அங்கேதான் வெளிப்படும். 1996-க்குப் பின் அமெரிக்காவில் விற்ற எல்லா கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே கண்டறியும் சாக்கெட் ஒன்று இருக்கும். இருபது டாலர் அளவில் கிடைக்கும் ஓ.பி.டி. ரீடரை அதில் செருகினால் பழுதுக் குறியீடுகள் தெரியும். குறியீடு ஒன்றும் இல்லை என்பதோடு திருப்தி அடையாமல், காரின் கணினி தானாகச் செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்துவிட்டனவா என்ற நிலையையும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்காகச் சற்று முன்புதான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் இருபத்துமூன்றாவது வாரம். மிஷிகன், ஒஹாயோ, நியூ யார்க் போன்ற பனி மாநிலங்களில் சாலையில் உப்புத் தூவுவதால், அங்கே ஓடிய காரின் அடிப்பக்கத்தைக் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் குழாயிலும், எஞ்சினையும் சக்கர அமைப்பையும் தாங்கும் சப்ஃப்ரேம் என்ற சட்டத்திலும் துரு உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் நூறு இருநூறு டாலர் கொடுத்து, காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாயிரம் டாலர் காருக்கு இது வீண் செலவு என்று தோன்றலாம். ஆனால் அவர் எழுதித் தரும் பட்டியலே விலையைக் குறைத்துப் பேசுவதற்கான சான்று.

டீலரிடம் வாங்கினால், ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிப்படி ஜன்னலில் ஒட்டியிருக்க வேண்டிய பையர்ஸ் கைட் என்ற தாளைப் படியுங்கள். ஆஸ் இஸ் என்ற கட்டத்தில் குறி இருந்தால், வாங்கிய பின் வரும் பழுதுக்கு டீலர் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். வாயால் சொன்ன எந்த வாக்குறுதியும் அந்தத் தாளில் எழுதப்படாதவரை நிற்காது. மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில், டீலர் விற்கும் பழைய காருக்கும் சட்டமே உத்தரவாதம் தருகிறது. கடன் வரலாறு இல்லாத புதியவர்களைக் குறிவைத்து, கடையே கடனும் கொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே வட்டி மிக அதிகம். இன்னும் சில மாதம் பேருந்தில் போனாலும் பரவாயில்லை, அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

விலை படிந்தபின், பணத்தை, வங்கியே பொறுப்பேற்று எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்காக வங்கிக் கிளையிலேயே கொடுப்பது இருவருக்கும் நல்லது. பத்திரத்தில் விற்பவர் கையெழுத்திடும்போதே ஓடிய மைலும் எழுதப்பட வேண்டும். 2011-உம் அதற்குப் பிந்தையதுமான மாடல்களுக்கு இருபது ஆண்டுகள் வரை இது கூட்டாட்சி விதி. வரியைக் குறைக்கப் பத்திரத்தில் குறைந்த விலையை எழுதிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பொய்யான அரசு ஆவணம்; விசாவில் இருப்பவர் அதில் கையெழுத்திடவே கூடாது. டெக்சாஸில் அதனால் பயனும் இல்லை: எழுதிய விலை மிகக் குறைவாக இருந்தால், மாநிலம் கணக்கிட்டுள்ள சந்தை மதிப்பின் 80 சதவீதத்துக்கு 6.25 சதவீத வரி கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் புகைச் சோதனைச் சான்றிதழைத் தர வேண்டியவர் விற்பவர். அது இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

சாவியை வாங்கும் முன்பே இன்ஷூரன்ஸை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஓட்டி வரும் அந்தப் பத்து மைலுக்கும் அது தேவை. பெயர் மாற்றத்தை மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் உரிய கெடுவுக்குள் முடித்து, அந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்தத் தேதியையும் மைலையும் ஒரு நோட்டில் முதல் வரியாக எழுதி, ரசீதைக் காருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.