ஔராட்டஸ் போனது, தொட்டி அடங்கியது

நாலடித் தொட்டி, சுமார் 200 லிட்டர். கொளத்தூர்க் கடை ஒன்றில் ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று பத்துக் குட்டி சிக்லிட் மீன்களை வாங்கி விட்டேன். சில மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தால், ஹீட்டருக்குப் பின்னால் அவற்றில் ‘மஞ்சள் லேப்’ என்ற வகை மீன் ஒன்று செங்குத்தாக ஒண்டிக்கொண்டு நிற்கிறது. வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. மனசே கேட்கவில்லை.

அதைத் துரத்தியது அதே கூட்டத்தில் இருந்த ஔராட்டஸ் என்ற சிக்லிட். குட்டியில் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு, பார்க்க அவ்வளவு அழகு. ஆண் வளர வளர உடம்பு கறுத்துவிடும், என்னுடையதும் கறுத்திருந்தது. மலாவி ஏரியின் பாறை மீன்களான எம்புனாவில் பெரிய முரடுகளில் அதுவும் ஒன்று. என் அளவுத் தொட்டிக்கு ஆகவே ஆகாது.

அதைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். கற்களை எல்லாம் வெளியே எடுத்து வேறு மாதிரி அடுக்கினேன். இது முக்கியம்: பழைய பொந்து இருக்கும்வரை ‘என் இடம்’ என்ற சண்டை ஓயாது. இப்போது தொட்டியில் மஞ்சள் லேப் ஆறு, ரஸ்டி என்ற இன்னொரு வகை எம்புனா ஆறு. இரண்டிலும் பெண் அதிகம். நிறம் வேறு வேறு, இரண்டுமே சாது. புதியவற்றை விளக்கை அணைத்த பிறகுதான் விட்டேன். ரத்தப்புழுத் தீனியை நிறுத்தி, ஸ்பைருலினா என்ற பாசித் தீனிக்கு மாறினேன். வாரம் 30 சதவீதத் தண்ணீர் மாற்றுகிறேன்.

கிழிந்த வால் வளர்ந்துவிட்டது. போன வாரம் முதல் ரஸ்டி ஒன்று தாடை உப்பி, தீனி தொடாமல் கல்லோரம் நிற்கிறது. வாய் நிறைய முட்டை; இந்த மீன்கள் வாயில்தான் அடைகாக்கும்.