பழைய காருக்குப் புகைக்குழாய்: சத்தம் கேட்டு வாங்காதீர்கள்

பழைய காரைச் சீரமைப்பவர்கள் இருக்கைத் துணிக்கும் குரோம் பம்பருக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். புகைக்குழாய் என்று வந்தால் மட்டும், கோலாலம்பூரின் ஏதாவதொரு சைலன்சர் பட்டறையில் அரை நாளில் முடிவெடுத்துவிடுகிறார்கள். பட்டறைக்காரர் நான்கு சைலன்சர்களின் சத்தத்தைக் கேட்கவைப்பார். கம்பீரமாக உறுமுவது வீட்டுக்கு வந்துவிடும். சத்தம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பெரிய தவறு குழாயின் விட்டத்தில் நடக்கிறது. மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் 1098 சிசி எஞ்சின் தருவது சுமார் 48 குதிரைத்திறன்தான். அதற்கு இரண்டு அங்குலக் குழாய் எதற்கு? ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை, அடுத்து வருவதையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் தளர்ந்து, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இழுவை குறையும். துன் ரசாக் சாலை நெரிசலில் ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊரும் காருக்கு வேண்டியதே அந்த இழுவைதான். 'எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை', அதாவது புகைக்குழாயில் கொஞ்சம் தடை வேண்டும் என்று சொல்வதும் சரியல்ல. தேவைப்படுவது புகையின் வேகம், தடை அல்ல. தொழிற்சாலை வைத்த விட்டத்துக்கு மேல் கால் அங்குலம் கூட்டுவதையே நான் யோசித்துத்தான் ஏற்பேன். வளைவுகளையும் பாருங்கள். சாதாரண இயந்திரத்தில் வளைத்த குழாய் வளைவில் நசுங்கியிருந்தால், வெளியே எழுதியிருக்கும் அளவுக்குப் பொருளே இல்லை.

தடையில்லாத புகைக்குழாயைப் பொருத்திவிட்டு பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைத் தொடாமல் விடுவது அடுத்த தவறு. காற்று கூடி பெட்ரோல் விகிதம் குறைந்தால் எஞ்சின் சூடேறும், வால்வு கருகும். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெளுத்திருந்தால் அதுதான் எச்சரிக்கை. மோரிஸில் இருப்பதுபோன்ற எஸ்யு வகை கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை மாற்ற வேண்டியிருக்கலாம். மோரிஸில் கார்புரேட்டரும் சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு மெல்லிய குழாய்களாலான ஹெட்டரைப் போட்டால், வெப்பம் நேராகக் கார்புரேட்டரைத் தாக்கும். நம் ஊர் வெயிலில், நிறுத்திய கார் திரும்பக் கிளம்ப அடம்பிடிக்கும். பழைய மேனிஃபோல்டில் விரிசல் இல்லையென்றால் அதை விடாதீர்கள்.

எந்த உலோகம் என்பதைக் காரின் பயன்பாட்டை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் புலாவ் திக்கூஸிலிருந்து கர்னி டிரைவ் வரை போய்வரும் பினாங்குக் காரில் பின்பக்க சைலன்சர் சூடாவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகத் தங்கி, உட்புறமிருந்து அரிக்கும். வெளியே கடல் காற்று தன் பங்குக்கு அரிக்கும். சாதாரண இரும்பு இங்கே வீண்செலவு. அலுமினியம் பூசிய எஃகு நடுத்தரம். நெடுநாள் வைத்திருப்பதாக இருந்தால் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். விலை குறைந்த 409 ரகத் துருப்பிடிக்காத எஃகில் அது நன்றாக ஒட்டும். 304இல் பெரும்பாலும் ஒட்டாது. 409 போலியல்ல, பல கார்களுக்குத் தொழிற்சாலையே அதைத்தான் பொருத்துகிறது. ஆனால் அதன் மேற்பரப்பு பழுப்பேறும். 304இன் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

பின்முனைக் குழாய் காரின் உடலைத் தாண்டி வெளியே நீள வேண்டும். உள்ளே முடிந்தால் கார்பன் மோனாக்சைடு இருக்கைப் பகுதிக்குள் வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இதில் அழகைப் பார்க்காதீர்கள். வாகனச் சத்தத்துக்கு மலேசியாவில் 1987 முதலே விதிமுறை இருக்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சோதனையில் 'பழைய கார்' என்ற காரணம் எடுபடாது.

துருப்பிடித்த பழைய குழாயை வேலை முடியும்வரை பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம். பின் அச்சைச் சுற்றிப்போகும் வளைவுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. குழாய் முழுவதையும் ஒன்றாக வெல்டிங் செய்ய விடாதீர்கள். கியர்பாக்ஸை இறக்கும் நாளில் அறுக்க வேண்டிவரும். தொங்கவிடுவது ரப்பரில்தான் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சின் அசையும்போது மேனிஃபோல்டு விரிசல் விடும். லிஃப்டில் உயர்த்தியிருக்கும்போது பின் அச்சு கீழே தொங்குவதால், குழாய்க்கும் அதற்கும் நிறைய இடைவெளி இருப்பதுபோல் தெரியும். காரைத் தரையில் இறக்கி, பின் இருக்கையில் இரண்டு பேரை உட்காரவைத்து, அந்த இடைவெளியைப் பார்த்த பிறகே போல்ட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள்.