பழைய சைக்கிளை ஃபிக்ஸ்டு கியராக மாற்றுமுன்

வீட்டில் சும்மா நிற்கும் பழைய சைக்கிளை ஃபிக்ஸ்டு கியராக மாற்றலாமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டியது ஃபிக்ஸ்டா, சிங்கிள் ஸ்பீடா? பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சிங்கிள் ஸ்பீடில் ஃப்ரீவீல் உண்டு, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். ஃபிக்ஸ்டில் பின்பக்கப் பல்சக்கரம் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தோடு, இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆகவேண்டும், இறக்கமானாலும் வேகத்தடையானாலும். கியர், கேபிள் தொல்லை இல்லாத எளிய வண்டி வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஃபிக்ஸ்டு தேவையே இல்லை. பழைய ஹெர்குலஸ், அட்லஸ் பார் சைக்கிள் பெரும்பாலும் பிறப்பிலேயே சிங்கிள் ஸ்பீடு. ஓவராயில் செய்து, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தால் போதும்.

இல்லை, ஃபிக்ஸ்டுதான் வேண்டும் என்றால் ஹப்பிலிருந்து தொடங்குங்கள். மிக ஆபத்தான தவறு அங்கேதான் நடக்கிறது. ஃப்ரீவீலைக் கழற்றினால் ஹப்பில் ஒரு மரை தெரியும். ட்ராக், அதாவது பந்தயத் தடத்தில் ஓட்டும் ஃபிக்ஸ்டு சைக்கிளின் பல்சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட அதே மரைதான் (விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை), அதனால் அழகாக ஏறி உட்கார்ந்துவிடும். முன்னோக்கி மிதிக்கும்போது அது இறுகும். வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்தும்போது கழலப் பார்க்கும். இதற்காகத்தான் ட்ராக் ஹப்பில் சற்றே சிறிய இன்னொரு மரை, எதிர்ப்பக்கம் திரும்புவது, வைத்திருக்கிறார்கள். அதில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழலத் திரும்பினால் அந்தத் திருப்பமே லாக்ரிங்கை மேலும் இறுக்கும். சாதாரண ஹப்பில் இந்த எதிர்மரை கிடையாது. வேறு லாக்ரிங்கை மாட்டி மரைப்பசை தடவுவது, ஃப்ரீவீலையே வெல்டு வைத்துவிடுவது எல்லாம் அந்தக் குறையைத் தீர்க்காது. வெல்டு வைத்த ஃப்ரீவீல் முழுசாக ஹப்பிலிருந்து கழலும், அதுவும் நீங்கள் நிறுத்தப் போராடும் அதே நொடியில்.

அப்புறம், சக்கரம் பொருந்துமா என்று பார்க்காமல் ஹப் வாங்கிவிடுவது. பார் சைக்கிளின் பின்ரிம்மில் பெரும்பாலும் 40 ஸ்போக் ஓட்டை. ட்ராக் ஹப்பில் வழக்கமாக 32 அல்லது 36. ஆகவே ரிம்மும் மாற வேண்டும். 700சி என்ற ரோடு சைக்கிள் அளவு ரிம் போட்டாலோ விட்டம் 635 மி.மீ.யிலிருந்து 622க்கு இறங்கும், ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மில் சரியாகப் படியாது. ஒரு ஹப்பில் தொடங்கிய செலவு புதுச் சக்கரம், புதுப் பிரேக் என்று நீண்டு, வண்டியின் விலையைத் தாண்டிப் போவது இப்படித்தான்.

கியர் சைக்கிளாக இருந்தால் பின் அச்சு உட்காரும் டிராப்அவுட்டைப் பாருங்கள். வெட்டு படுக்கைவாட்டில் நீளமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் முடியாது. சிங்கிள் ஸ்பீடுக்குப் போடும், செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் இங்கே உதவாது. எதிர்த்து அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம்தான் விறைக்கும், டென்ஷனரை அது பிய்த்துவிடும். அப்படிப்பட்ட ஃபிரேமை விட்டுவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். பழைய 6, 7 ஸ்பீடு இரும்பு ஃபிரேமின் பின் இடைவெளி 126 மி.மீ., ட்ராக் ஹப் 120. இரும்பு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். அலுமினியத்தை நெருக்காதீர்கள்.

பிரேக்கைக் கழற்றுவதில் மட்டும் எனக்குச் சமரசமே இல்லை. நிறுத்தும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது, பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் பின்சக்கரத்தால் மட்டும் சட்டென்று நிற்க முடியாது. லண்டனில் 2016ல் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸ்டு சைக்கிள் மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு மறு வருடம் 18 மாதத் தண்டனை. பிரிட்டன் சட்டம் ஃபிக்ஸ்டு சக்கரத்தைப் பின் பிரேக்காக ஏற்கிறது, ஆனால் முன் பிரேக் கட்டாயம். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் சரியாகப் பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பல் கணக்கில் ஆசைப்பட்டுப் பெரிதாகப் போகாதீர்கள். முன்னால் 44, பின்னால் 16 என்றால் விகிதம் 2.75. 700சி சக்கரத்தில் மணிக்கு 25 கி.மீ. போக நிமிடத்துக்குச் சுமார் 72 சுற்று மிதிக்க வேண்டும். மேம்பால இறக்கத்தில் 40 கி.மீ. எட்டினால் 115 சுற்று. அதைக் குறைக்க விகிதத்தைக் கூட்டினால் ஏற்றத்திலும் சிக்னலிலும் முட்டி படும் பாடு தனி. வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால் தரையில் தட்டும். நீளக் கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) மாற்றி 165 மி.மீ. போடுவது நல்லது. கிராங்கை அச்சோடு காட்டர் பின் என்ற ஆப்பு பிணைக்கும் வகை என்றால், முன்னும் பின்னும் விழும் அழுத்தத்தில் அந்த ஆப்பு சீக்கிரம் தேயும், மிதிக்கு ஒரு தரம் 'டக்' என்று ஆட்டம் தெரியும்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஃபிளிப்-ஃப்ளாப் ஹப் வாங்குங்கள்: ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வேறு வண்டி. ஃபிரேமில் இருக்கும் கேபிள் கொக்கிகளை அழகுக்காக அறுத்துத் தள்ளாமல் இருந்தால், பழையபடி கியரும் போட்டுக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று: ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஓடும் செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. ஃப்ரீவீல் இல்லாததால் துணி சிக்கினாலும் செயின் நிற்காது, பல்லுக்குள் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். செயின் அசையாமல் இருக்கும்போது ஒரு பகுதியைத் துடையுங்கள், கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நகர்த்துங்கள், மறுபடி துடையுங்கள்.