குழந்தைக்கு ஒரு நியாயம், டிரெய்னிக்கு ஒரு நியாயம்: ஏபிஏ மேற்பார்வையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குழந்தை இரண்டு வாரமாக ஒரு திறனைக் கற்கவில்லை என்றால், ஏபிஏ (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு; ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் திறன்களைக் கற்பிக்கப் பெரிதும் பயன்படும் முறை) படித்த எவரும் குழந்தையைக் குறை சொல்ல மாட்டார். பிராம்ப்ட் (சரியாகச் செய்ய நாம் தரும் துணைக்குறிப்பு) சரியில்லையோ, படிகள் பெரிதாக இருக்கின்றனவோ, வலுவூட்டியாக (நடத்தையைத் திரும்ப வரவைக்கும் பரிசாக) நாம் நினைத்தது குழந்தைக்கு வலுவூட்டியே இல்லையோ என்று திட்டத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார். கற்பவர் எப்போதும் சரி என்பது நம் துறையின் பழைய பேச்சு. அதே ஆள் மாலையில் தன் மேற்பார்வையில் பயிலும் டிரெய்னியைப் பற்றிப் பேசும்போது கேட்டுப் பாருங்கள். "மூன்று தடவை சொல்லிவிட்டேன், மண்டையில் ஏறவே இல்லை" என்பார்.

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் புதியவர்களைப் பயிற்றுவிக்கும்போது நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. நடத்தை விதிகள் குழந்தைக்கு மட்டும் என்றும், பெரியவர்களுக்குச் சொன்னால் போதும் என்றும் நினைக்கிறோம். இதில் நானும் விலக்கல்ல. கீழே வரும் தவறுகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் செய்திருக்கிறேன்.

"சொல்லிக் கொடுத்தாயிற்று"

குழந்தையோடு நேரடியாக வேலை செய்பவருக்கான ஆர்பிடி சான்றிதழுக்கு 40 மணிநேரப் பயிற்சி கட்டாயம். அதை முடித்து வருபவருக்கு வலுவூட்டல் என்றால் என்ன, அணைத்தல் (வலுவூட்டலை நிறுத்தி நடத்தையைக் குறைப்பது) என்றால் என்ன என்று கேட்டால் சரியாகவே பதில் சொல்வார். ஆனால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட நான்கு வயதுக் குழந்தையின் முன் அவரைத் தனியாக விட்டால் திணறிப்போவார். விளக்கத் தெரிவது ஒரு நடத்தை, செய்யத் தெரிவது வேறு நடத்தை. இது நமக்குத் தெரியாததா? தெரிந்தும் ஸ்லைடு போட்டுக் காட்டிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டு, தலையாட்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

நடத்தைத் திறன் பயிற்சிக்கு நான்கு அங்கங்கள் உண்டு: விளக்குவது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, கருத்துச் சொல்வது. அதோடு, குறித்த அளவை எட்டும்வரை கடைசி இரண்டையும் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது மூன்றாவது அங்கம்தான். ரோல் பிளே என்றால் இரு தரப்புக்கும் கூச்சம். அப்படியே செய்தாலும் குழந்தையாக நடிக்கும் மேற்பார்வையாளர் ரொம்ப நல்ல பிள்ளையாக நடித்துவிடுவார். கேட்டதும் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார். நிஜக் குழந்தை அட்டையைத் தூக்கி எறியும், நாற்காலியை விட்டு இறங்கும், ஒன்றுமே செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் நடித்துக் காட்டாத ரோல் பிளே அரைப் பயிற்சிதான்.

ஒரு தடவை சரியாகச் செய்ததைப் பார்த்துவிட்டு "தேறிவிட்டார்" என்று கையெழுத்துப் போடுவதும் இதே வகை. குழந்தை ஒரு நாள் ஒரு முறை சரியாகச் சொன்னால் அந்த இலக்கை முடித்துவிடுவோமா? இரண்டு ஆட்களிடம், இரண்டு இடங்களில், பல நாள் தொடர்ந்து வர வேண்டும் என்போம். டிரெய்னிக்கும் அதுவேதான் அளவு. செயல்முறையைப் பத்துப் படிகளாக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு செஷன்களில் குறைந்தது ஒன்பது படிகள் சரியாக வந்த பிறகு, வேறொரு குழந்தையிடமும் அது வருகிறதா என்று பாருங்கள். பயிற்சி கொடுத்துவிட்டு, அது மற்ற இடங்களுக்கும் தானாகப் பரவும் என்று நம்பிக் காத்திருப்பதை ஆய்வாளர்கள் ஸ்டோக்ஸும் பேயரும் 1977-லேயே ஒரு தனி வகையாகப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். இன்றும் நாம் அந்த நம்பிக்கையில்தான் பாதி நாள் ஓட்டுகிறோம்.

"நல்லா பண்றீங்க"

இது கருத்தே அல்ல. எதை நன்றாகச் செய்தார் என்று அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் சொன்னவருக்கும் தெரியாது. "பிராம்ப்டைக் குறையுங்கள்" என்பதும் அப்படித்தான். எதை, எப்போது, எவ்வளவு? "நீங்கள் கேட்டு முடித்ததும் மூன்று நொடி காத்திருங்கள், அதற்குள் கையைக் கொண்டுபோகாதீர்கள். இப்போது ஐந்து தடவையில் நான்கில் ஒரு நொடிக்குள்ளேயே கையைப் பிடித்துவிட்டீர்கள்" என்று சொன்னால் அடுத்த முயற்சியிலேயே மாற்றம் தெரியும். அப்படி மாறியதும் அங்கேயே ஒரு தலையசைப்பாவது வேண்டும். வியாழக்கிழமை மீட்டிங் வரைக்கும் அதைச் சேர்த்து வைத்திருந்தால், அந்தப் பாராட்டு எந்த நடத்தைக்கானது என்பதே தெரியாமல் போய்விடும்.

அப்புறம், அந்தப் புகழ்பெற்ற பூசி மெழுகல்: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, முடிவில் இன்னொரு பாராட்டு. கொஞ்ச நாளில் டிரெய்னி என்ன கற்றுக்கொள்கிறார் தெரியுமா? இவர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் அடுத்து அடி விழப்போகிறது என்பதைத்தான். பாராட்டே எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. திருத்த வேண்டியதைத் தணிவாக, நேராக, தனியாகச் சொல்லலாம். பாராட்ட வேண்டியதை வேறு நேரத்தில் நூறு முறை சொல்லலாம்.

பெற்றோர் முன்னால் டிரெய்னியைத் திருத்தாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

"அவருக்கு ஆர்வமே இல்லை"

என் கணக்கில் மிகவும் சேதம் விளைவிக்கும் தவறு இதுதான். ஒருவர் டேட்டா ஷீட்டைப் பாதி நாள் நிரப்பாமல் விட்டால் "பொறுப்பில்லை", "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். நிரப்பாததால் சோம்பேறி, சோம்பேறி என்பதால் நிரப்பவில்லை. குழந்தையின் நடத்தைக்கு இப்படி வட்டமடிக்கும் விளக்கம் ஒன்றை டிரெய்னி எழுதிக்கொண்டு வந்தால் நாமே சிவப்பு மையால் அடித்திருப்போம்.

மனித சேவைத் துறைப் பணியாளர்களுக்காகவே 2013-ல் வெளிவந்த செயல்திறன் ஆய்வுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது கேட்கும் கேள்விகள் நான்கு வகை. முறையான பயிற்சி கிடைத்ததா? என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறதா, நினைவூட்ட ஏதாவது உண்டா? தேவையான பொருட்களும் ஆட்களும் இருக்கிறார்களா? செய்தால் என்ன நடக்கிறது, செய்யாவிட்டால் என்ன நடக்கிறது, செய்வது எவ்வளவு சிரமம்? இந்த நான்கையும் கேட்டு முடிப்பதற்குள் "ஆர்வமில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

ஒரு டிரெய்னியைப் பற்றி நான் கிட்டத்தட்ட ஒரு மாதம் இப்படி எரிச்சலோடு இருந்தேன். பயிற்சியைத் திரும்பக் கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். ஒரு நாள் முழு செஷனும் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடிவிடும் பழக்கமுள்ள குழந்தை. இவர் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கிளிப்போர்டை வைத்துக்கொண்டு, ஐந்து பத்தி உள்ள ஷீட்டை நிரப்ப வேண்டும். அந்த ஷீட்டை வடிவமைத்தது நான்தான். இடுப்பில் மாட்டிக்கொள்ளும், அழுத்தினால் எண்ணும் சிறு கருவி ஒன்றைக் கொடுத்து, இரண்டு பத்தியாகக் குறைத்ததும் டேட்டா ஒழுங்காக வரத் தொடங்கியது. தெரியாதவருக்குத்தான் பயிற்சி மருந்து. தெரிந்தும் செய்ய முடியாதவருக்கு மீண்டும் மீண்டும் பயிற்சி கொடுப்பது அவரை அவமானப்படுத்துவதுதான்.

நீங்கள் உள்ளே நுழைந்ததும் என்ன நடக்கிறது?

கதவைத் திறக்கிறீர்கள். டிரெய்னியின் தோள் இறுகுகிறது, குரல் மாறுகிறது, திடீரென்று பாராட்டு மழை பொழிகிறது. நீங்கள் போனதும் எல்லாம் பழையபடி. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறுவது இயல்பு. அதனால் முன்கூட்டிச் சொல்லி வைத்த நேரத்தில் மட்டும் போய் எடுத்த மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்காக ஒளிந்து பார்க்கவும் வேண்டாம், அது நம்பிக்கையைக் கெடுக்கும். அடிக்கடி, குறுகிய நேரத்துக்கு, வெவ்வேறு நேரங்களில் போய் வந்தால் உங்கள் வருகை ஒரு நிகழ்வாகவே இருக்காது. குழந்தையிடம் முதல் சில நாட்கள் எதையும் கேட்காமல் விளையாடிப் பழகுகிறோம் இல்லையா? டிரெய்னியிடமும் அதைச் செய்யலாம். பாதி தடவையாவது குறிப்பேடு இல்லாமல் போய், பொருட்களை அடுக்கிக் கொடுத்து, ஒரு கஷ்டமான பகுதியை நீங்களே நடத்திக் காட்டுங்கள். அவரை நோட்டமிட வந்தவராக இல்லாமல் உதவ வந்தவராக உங்களைப் பார்க்கத் தொடங்குவார்.

மிக அழகான டேட்டா

வரைபடம் ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படும் முன் கொஞ்சம் யோசியுங்கள். செஷன் முடிந்து நினைவிலிருந்து நிரப்பியதாக இருக்கலாம். எண் குறைந்தபோதெல்லாம் நீங்கள் முகம் சுளித்திருந்தால், உண்மையான டேட்டாவுக்குத் தண்டனை கொடுத்துப் பழக்கியவர் நீங்கள்தான். "இன்று ஒன்றுமே வேலை செய்யவில்லை" என்று எழுதி வருபவரைப் பாராட்டுவது கடினமாக இருக்கும். அதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரே நடத்தையை நீங்களும் டிரெய்னியும் எண்ணி, இருவர் பதிவையும் ஒப்பிடும் வேலையிலும் ஒரு பொறி உண்டு. நீங்கள் 10 எண்ணினீர்கள், அவர் 8 எண்ணினார்; சிறியதைப் பெரியதால் வகுத்தால் 80 சதவீதம், வழக்கமாக ஏற்கும் அளவு வந்துவிட்டது. இருவரும் 10 எண்ணினால் 100. ஆனால் நீங்கள் எண்ணிய பத்தும் அவர் எண்ணிய பத்தும் ஒரே பத்துதானா? மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் தெரியாது. நேரத்தைச் சிறு இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒப்பிடுங்கள். புதியவரின் வரையறை எங்கே உங்களிடமிருந்து விலகுகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

மணிக்கணக்கு

அமெரிக்கச் சான்றளிப்பு வாரியமான பிஏசிபியின் 2022-ம் ஆண்டு விதிகளின்படி, பிசிபிஏ (சான்றிதழ் பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர்) ஆக விரும்புபவருக்கு 2,000 மணிநேரக் களப்பணி வேண்டும், செறிவான வகை என்றால் 1,500. முதல் வகையில் மணிநேரத்தில் 5 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம் மேற்பார்வை. களப்பணியில் குறைந்தது 60 சதவீதம், குழந்தையிடம் நேரடியாகத் திட்டத்தை நடத்துவது அல்லாத வேலையாக இருக்க வேண்டும்: மதிப்பீடு, திட்டம் எழுதுதல், டேட்டாவை ஆராய்தல், மற்றவரைப் பயிற்றுவித்தல் போல. தவறு எங்கே நடக்கிறது என்றால், நேரடி செஷனுக்கு ஆள் தட்டுப்பாடு என்று டிரெய்னியை அதிலேயே தள்ளிவிட்டு, கடைசி மாதங்களில் அந்த 60 சதவீதத்தைக் கோப்புகளைத் திருப்பி நிரப்புவதில்தான். அப்படி வந்தவர் செஷன் நடத்துவதில் கில்லாடியாக இருப்பார், ஒரு செயல்பாட்டு மதிப்பீட்டை (நடத்தை ஏன் நடக்கிறது என்று கண்டறிவதை) முதலிலிருந்து முடிவுவரை செய்தே இருக்க மாட்டார். முதல் மாதத்திலேயே எந்தத் திறன் எப்போது என்று எழுதி, ஒப்பந்தமாகவே கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள்.

5 சதவீதம் என்பது தரை, கூரை அல்ல. புதிதாக வந்தவருக்கு அது நிச்சயம் போதாது. உங்களால் எத்தனை பேரை உண்மையாகப் பார்க்க முடியுமோ அத்தனை பேரை மட்டும் எடுங்கள். பழைய தேதி போட்டுக் கையெழுத்திடுவதுதான், நான் செய்யாதது என்று தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரே தவறு. கேட்டு வந்திருக்கிறார்கள், போடவில்லை.

எப்படி தெரியும், ஏன் தெரியாது

செயல்முறையை மட்டும் கற்றுக்கொண்டவர் அது வேலை செய்யாத நாளில் என்ன செய்வார்? அதையே இன்னும் அழுத்தமாகச் செய்வார். பேயர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968-ல் இந்தத் துறைக்கு வகுத்த ஏழு பண்புகளில் ஒன்று, செயல்முறை அடிப்படைக் கோட்பாட்டோடு பொருந்தியிருக்க வேண்டும் என்பது. "இடைவேளை கேட்கும் அட்டையைக் குழந்தை காட்டினால் உடனே விடுங்கள்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், தப்பிப்பதற்காக அடிக்கும் குழந்தைக்கு அடிப்பதைவிட எளிதான வழி ஒன்றைத் தருகிறோம் என்றும் சொல்லுங்கள். அட்டை தொலைந்துபோன நாளில் அதற்குப் பதிலாகக் குழந்தையின் கையசைவை அவரே ஏற்றுக்கொள்வார்.

இன்னொரு "ஏன்" இதைவிட முக்கியம். இந்த இலக்கு யாருக்காக? குழந்தை கண்ணைப் பார்க்க வேண்டும், கையை ஆட்டக்கூடாது என்றெல்லாம் வைத்த இலக்குகள் தங்களை எப்படி வதைத்தன என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சை டிரெய்னியின் காதில் விழாமல் மறைப்பது தவறு. அதைக் கேட்டுக் கோபப்படக் கற்றுக்கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பிஏசிபி நெறிமுறை, பொருந்தும் இடங்களில் சேவை பெறுபவரின் சம்மதத்தையும் பெறச் சொல்கிறது. பேசாத குழந்தையின் சம்மதம் எப்படி இருக்கும்? தானாக வந்து உட்காருகிறதா, திரும்பிக்கொள்கிறதா, தள்ளிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையும் வரையறுத்து, ரோல் பிளே செய்து, பழக்க வேண்டும். "குழந்தை அழுதது, நிறுத்திவிட்டேன், ஷீட்டில் பாதி காலி" என்று டிரெய்னி தயங்கிக்கொண்டே வந்து சொல்லும்போது நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ, அதுதான் அவர் கற்றுக்கொள்ளும் நெறிமுறை. எந்த வகுப்பும் அதற்கு ஈடாகாது.

மேற்பார்வைக்கு வரைபடம் எங்கே?

எல்லாவற்றையும் அளக்கும் நாம் இதை மட்டும் அளப்பதில்லை. ஆண்டு முடிவில் "என் மேற்பார்வை எப்படி இருந்தது?" என்று கேட்டால், சான்றிதழில் கையெழுத்து வேண்டியவர் என்ன சொல்வார்? பெயர் எழுதாத படிவம் கொடுத்தாலும், டிரெய்னி இரண்டே பேர் என்றால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். கேட்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்புவதுதான் தவறு. டிரெய்னி எத்தனை படிகளைச் சரியாகச் செய்கிறார் என்பதை மாதத்துக்கு மாதம் ஒரு கோடாக வரையுங்கள். அதே தாளில் அவரிடம் வரும் குழந்தையின் முன்னேற்றத்தை இன்னொரு கோடாக வரையுங்கள். முதல் கோடு ஏறி, இரண்டாவது அசையாமல் கிடந்தால், டிரெய்னி நீங்கள் சொன்னதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறார். அடுத்த மீட்டிங்கில் உங்கள் திட்டத்தைத்தான் மேஜையில் விரிக்க வேண்டியிருக்கும்.