ஊற்றிய தண்ணீர் அடியில் வழிந்தோடினால்

மாடியில் செடித்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அடித்துளை வழியாக அப்படியே ஓடிவிடுகிறதா? தொட்டியைத் தூக்கி, அதன் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் ஒரு டப்பில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். மேல்மண் கருத்து ஈரம் தெரிந்ததும் எடுத்து வடியவிடலாம்.

வெயிலில் காய்ந்த மண்கலவை சுருங்கி, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிடும். விரல் நகம் நுழையும் அளவு இடுக்கு கண்ணுக்கே தெரியும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கிப் போய்விட, வேர் இருக்கும் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். அடியிலிருந்து ஊறும்போது கலவை உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். கத்தரியோ மிளகாயோ வாடிக் கிடந்தால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும்.

தூக்க முடியாத பெரிய பைகளுக்கு இது ஆகாது. குச்சியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதென்றால் வேரழுகலாக இருக்கலாம், அதைத் தண்ணீரில் வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் இதையே வழக்கமாக்க வேண்டாம். உப்பு மேலேறி மண்மேல் வெள்ளையாகப் படியும். டப்புத் தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிடுங்கள், கொசு காத்துக்கொண்டிருக்கிறது.