ஊருக்குப் போகும்போது வைஃபைப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கு

இருபத்தொரு நாள் தங்க ஊருக்குப் போனேன். அதில் மூன்று முழு நாட்கள் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்தில் டோக்கனோடு போய்விட்டன. என்ன உடுப்பு, என்ன மருந்து கொண்டுபோவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுதுவது ஒரே ஒரு பொருளைப் பற்றி: சிம் போட்டால் தன்னைச் சுற்றி வைஃபை பரப்பும், சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. பலர் அதை 'மைஃபை' என்பார்கள். அது நோவாடெல் வயர்லெஸ் என்ற நிறுவனம் 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியின் பெயர். இன்று எந்தக் கம்பனியின் பெட்டிக்கும் அந்தப் பெயரையே சொல்கிறோம்.

மூன்று வாரம் சேர்ந்தாற்போல அம்மாவோடு இருக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அதில் இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை செய்ய வேண்டும். இணைப்பு அறுபடாது என்றால் சரி என்று மேலாளர் சொன்னார். அம்மா வீட்டில் இணையம் இல்லை. போனிலேயே ஹொட்ஸ்பொட் போடலாமே என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு நாளுக்குப் போதும். எட்டு மணி நேரம் தொடர்ந்து போட்டால் போன் கொதிக்கும், பற்றரி இறங்கும், நீங்கள் போனோடு வெளியே போனால் வீட்டிலிருப்பவர்களுக்கு இணையம் நின்றுவிடும். பெட்டி என்றால் ஜன்னலோரம் ஓரிடத்தில் கிடக்கும். மின்சாரம் போனாலும் தன் பற்றரியில் பல மணி நேரம் ஓடும். ஆகவே வாங்கிக்கொண்டு போனது பிழையில்லை. எதையும் சோதிக்காமல் கொண்டுபோனதுதான் பிழை.

முதலில் பூட்டு. ஒப்பந்தத்தோடு வாங்கிய பெட்டி, விற்ற நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காமல் பூட்டப்பட்டிருக்கலாம். பூட்டைத் திறக்கும் இலக்கத்தை அந்த நிறுவனமே தரவேண்டும். அதைக் கேட்கக் கணக்கிற்குள் நுழைந்தால், உறுதிப்படுத்தும் குறியீடு உங்கள் வெளிநாட்டு எண்ணுக்கு வரும். அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால் அதோடு கதை முடிந்தது. பிழையான இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பெட்டி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளவும் கூடும். புறப்படுமுன் வேறொரு நிறுவனத்தின் சிம்மை யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது அலைவரிசை. 4ஜி என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. வட அமெரிக்காவுக்கென்று செய்த சில பெட்டிகளில் 1800 மெகாஹெர்ட்ஸ் இருக்காது. உலகின் பெரும்பகுதியில் 4ஜி அதிகம் ஓடுவது அதில்தான். நீங்கள் போகும் இடத்தில் எடுக்கப்போகும் சிம்மின் அலைவரிசைகளையும் பெட்டியின் அலைவரிசைகளையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 3ஜி மட்டும் எடுக்கும் பழைய பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுபோகாதீர்கள். பல நாடுகளில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். இ-சிம் வாங்கி வைத்துக்கொண்டு பெட்டியை நம்பவும் வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளுக்குக் கையில் பிடிக்கக்கூடிய சிம்தான் வேண்டும்.

இனி அந்த அலுவலகம்.

முதல் நாள் கடவுச்சீட்டோடு போனேன். படிவத்தில் 'நிரந்தர வதிவிடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மாவின் வீட்டு முகவரியை எழுதினேன். பிறந்ததிலிருந்து எந்தப் படிவத்திலும் நான் எழுதிவந்த முகவரி அதுதான். கவுண்டரில் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "நீங்கள் இங்கே இருக்கிறவர் இல்லையே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. முகவரிக்கு ஆதாரம் வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவின் பெயரில் இருந்த ஒரு கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் சிம் கிடைத்தது. அதை இயக்க ஓர் இலக்கம் குறுஞ்செய்தியில் வரும், வந்ததும் சொல்லுங்கள் என்றார்கள். சிம்மைப் பெட்டியில் போட்டேன். ஒரு சிறிய உறை அடையாளம் மினுங்கியது. குறுஞ்செய்தியைத் திறந்து பார்க்க அந்தத் திரையில் வழியில்லை. "வரவில்லை" என்றேன். "அனுப்பியாச்சு" என்றார்கள். திரும்ப அனுப்பினார்கள், திரும்ப உறை மினுங்கியது. ஒவ்வொரு தடவையும் புது டோக்கன், புது வரிசை. கருவியில்தான் பிழை என்று அவர்களும், சிம்மில்தான் பிழை என்று நானும் மாறி மாறிச் சொன்னோம். நான் குரலை உயர்த்தினேன். 'வெளிநாட்டிலிருந்து வந்து சத்தம் போடுகிறாள்' என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பிடாமல் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "நாளைக்கும் போகவேணுமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, வைஃபையில சேர்ந்திட்டு பிரவுசர்ல 192.168.8.1 என்று அடிச்சுப் பாருங்கோ." அடித்தேன். பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறந்தது. குறுஞ்செய்தி என்ற பகுதிக்குள் நான்கு இலக்கங்கள் கிடந்தன. கடைசியாக வந்ததைச் சொன்னதும் சிம் இயங்கத் தொடங்கியது. மூன்று நாளாக அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அங்கே வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காத நிர்வாகத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

ஆகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது சிம்மை முதலில் போனில் போட்டு இயக்குங்கள், குறியீடுகளை அங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள், பிறகு பெட்டிக்கு மாற்றுங்கள். நிர்வாகப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பற்றரிக்குக் கீழே அல்லது மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும், கருவிக்கேற்ப 192.168.0.1, 192.168.1.1 என்றும் இருக்கலாம். புறப்படுமுன் படம் எடுத்து வையுங்கள். சிம் இயங்கத் தொடங்கிய பிறகும் இணையம் வராவிட்டால் நிர்வாகப் பக்கத்தில் ஏபிஎன் (APN) என்ற அமைப்பைப் பாருங்கள்; பெட்டி எந்த வழியாக இணையத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் பெயர் அது. அதில் எழுத வேண்டிய சொல்லை சிம் தருபவரிடமே கேட்டு வாங்குங்கள். பழைய பெட்டிகளுக்குப் பெரிய சிம் வேண்டும். நானோ சிம் என்ற மிகச் சிறிய சிம்மை, அதைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் சட்டம் (அடாப்டர்) இல்லாமல் செருகினால் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இணையம் வந்த அன்றிரவே பாதி டேட்டா தீர்ந்துபோனது. ஒருவரும் களவாகப் பாவிக்கவில்லை. வந்திருந்த உறவுப் பிள்ளைகளின் போன்கள் பெட்டியை வீட்டு வைஃபை என்று நினைத்துப் படங்களையும் காணொளிகளையும் இணையச் சேமிப்புக் (கிளவுட்) கணக்குகளுக்கு ஏற்றின, செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டன. போனிலும் மடிக்கணினியிலும் இந்த இணைப்பில் டேட்டாவுக்கு அளவுண்டு (metered) என்று குறிக்கும் வசதி இருக்கிறது. இணைந்த உடனேயே அதைப் போட்டுவிடுங்கள். விருந்தினருக்குத் தனிக் கடவுச்சொல் தரும் பெட்டிகளும் உண்டு. சுவர் தடித்த வீடென்றால் பெட்டியின் வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும்.

விமானத்தில் பெட்டியையும் பவர் பேங்கையும் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க், உதிரி லித்தியம் பற்றரி இரண்டையும் சரக்குப் பெட்டியில் அனுப்பக் கூடாது. அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட் மணி. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது சுமார் 74 வாட் மணிதான், பயப்பட வேண்டாம்.

புறப்படும் நாளில் சித்தி கேட்டா: "பிள்ளை, உதை இங்க விட்டிட்டுப் போவன். அங்க உனக்கு வேற வாங்கலாம்தானே." ஏலாது சித்தி என்றேன். சிம் என் பெயரில் இருக்கிறது, அதில் யார் என்ன செய்தாலும் என் கடவுச்சீட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் மூன்று நாள் அலைந்து உயிர் கொடுத்த பொருளை விட்டுவர எனக்கு மனமில்லை என்பதும் உண்மை. சித்தி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் தனக்காகக் கேட்கவில்லை என்று விமானத்தில்தான் விளங்கியது. அம்மா என்னோடு முகம் பார்த்துப் பேசுவதென்றால், சித்தியின் மகன் வேலை முடிந்து போனோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் அங்கிருந்த மூன்று வாரம் அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை.

உங்களிடம் யாராவது கேட்டால் பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள். சிம்மை மட்டும் கழற்றி, உங்கள் பெயரிலுள்ள பதிவை முடித்துவிடுங்கள். அவர்கள் தங்கள் பெயரில் புது சிம் எடுக்கட்டும். பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றி, புதுக் கடவுச்சொல் போடுங்கள். இரவு பகலாகச் சார்ஜில் செருகி வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். நிறைந்த பற்றரி சூட்டில் கிடந்தால் ஊதிவிடும். மூடி புடைத்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

என் பெட்டி எட்டு மாதமாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. வரும் மார்கழியில் அத்தான் ஊருக்குப் போகிறார். பழையதையெல்லாம் அழித்து, கடவுச்சொல்லை அம்மாவின் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதிப் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். எந்த ஜன்னலில் சிக்னல் நன்றாக வந்தது என்று ஒரு துண்டுத்தாளில் சித்திக்கு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று அத்தானிடம் இரண்டு தரம் சொல்லியாயிற்று.