லேசிக்கா, லென்ஸா: முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் வேளச்சேரியிலிருந்து லேசிக் (லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை) பரிசோதனைக்கு வந்த பெண், ஸ்கேன் கருவியின் முன் உட்கார்ந்த பிறகுதான் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டார். "லென்ஸோட ஸ்கேன் எடுக்கக் கூடாதுன்னு தெரியும் மேடம்" என்றார். பார்வை அளவியல் படிப்பை முடித்த புதிதில் நானும் ஏறத்தாழ இப்படித்தான் போய் உட்கார்ந்தேன். கை கழுவாமல் லென்ஸைத் தொடுவது போன்ற எல்லோரும் அறிந்த தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை.

லென்ஸைக் கழற்றிய கையோடு ஸ்கேனுக்கு வருவது

கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலமான கருவிழியில் (கார்னியா) இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதை லென்ஸ் குறைக்கும்போது கருவிழி சற்று வீங்குவதோடு, அதன் வளைவும் மாறக்கூடும். மைனஸ் 8 பவர் உள்ள ஒருவரின் கருவிழித் தடிமனை ஸ்கேன் 490 மைக்ரான் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். லேசிக்கில் வெட்டி மேலே தூக்கும் மடலுக்கு 110, லேசர் செதுக்குவது ஒரு பவருக்குச் சுமார் 14 வீதம் 112 போக, 268 மைக்ரான் மிஞ்சும். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 300 வேண்டும் என்போரும் உண்டு. காட்டிய தடிமனில் 20 மைக்ரான் வீக்கமாக இருந்தால், உண்மையில் மிஞ்சுவது 248 மட்டுமே. கருவிழி மெலிந்து கூம்பு வடிவாகும் ‘கூம்புக் கருவிழி’ நோயின் தொடக்க அடையாளமும் இந்த மாற்றத்துக்குள் மறைந்துபோகலாம். அது தெரியாமல் லேசிக் செய்தால், கருவிழி மேலும் மெலிந்து முன்னே பிதுங்கும் ஆபத்து உண்டு.

நான் அப்போது கடினமான ஆர்.ஜி.பி. லென்ஸ் அணிந்திருந்தேன். முந்தைய இரவு கழற்றினால் போதும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். தை மாதம் திருமணம் என்பதால் முன்பணம் கட்டி நாளும் குறித்துவிட்டேன். ஸ்கேனைப் பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர், "எப்பம்மா கழட்டினே?" என்று கேட்டுவிட்டு, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். மறு ஸ்கேனில் சிலிண்டர் (கருவிழியின் சீரற்ற வளைவால் வரும் பவர்) அளவு முக்கால் பவர் மாறியிருந்தது. முகூர்த்தத்தில் கண்ணாடியோடுதான் உட்கார்ந்தேன். அதில் வருத்தம் இல்லை. ஆனால், "ஒரு நாள் போதும்" என்ற அதே பதிலை இன்றைக்கும் தொலைபேசியில் கேட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மென்மையான லென்ஸை ஒன்று முதல் இரண்டு வாரமும், சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸை இரண்டு வாரமும், ஆர்.ஜி.பி. லென்ஸைக் குறைந்தது மூன்று, நான்கு வாரமும் நிறுத்த வேண்டும். அளவுகள் மாறிக்கொண்டிருந்தால், அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு ஸ்கேன்கள் ஒத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். வேளச்சேரிப் பெண்ணையும் இரண்டு வாரம் கழித்துத்தான் வரச் சொல்லியிருக்கிறேன்.

கேன் தண்ணீரை நம்புவது

மெட்ரோ வாட்டரில் கழுவாதீர்கள் என்றால், கேன் தண்ணீரில் கழுவலாமா என்று கேட்கிறார்கள். இரண்டுமே கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தொற்றினால், சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்; பார்வையும் போகலாம். லென்ஸுக்கும் டப்பாவுக்கும் அதற்கான கரைசல் மட்டுமே.

பவர் நிற்பதற்கு முன் அவசரப்படுவது

18 வயது நிறைந்தால் மட்டும் போதாது. ஓராண்டில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது.

கண் கசக்கும் பழக்கத்தை மறைப்பது

கூம்புக் கருவிழியோடு தொடர்புள்ள பழக்கம் இது; கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

நண்பருக்குச் செய்ததையே கேட்பது

மடல் தூக்காமல் கருவிழியின் மேற்பரப்பிலேயே லேசர் செய்யும் பி.ஆர்.கே. முறையில் வலியும் பார்வை தெளியும் காலமும் அதிகம். ஆனால் மெல்லிய கருவிழி உள்ள சிலருக்கு அதுவே பொருந்தும். பவர் மிக அதிகமானவர்களுக்குக் கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் ஐ.சி.எல். லென்ஸ் வைப்பது ஏற்றதாக இருக்கலாம். ஏற்கெனவே கண் உலர்ந்திருந்து, நாள் முழுதும் ஏ.சி. அறையில் திரை பார்த்து வேலை செய்பவர்கள், முதலில் அந்த வறட்சிக்குச் சிகிச்சை பெற வேண்டும். லேசிக் அதைச் சில மாதங்களுக்காவது கூட்டும்.

பழைய ஸ்கேனைத் தூக்கிப்போடுவது

பிற்காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சையின்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, லேசிக்குக்கு முந்தைய அளவுகள் உதவும். அவை இல்லாமல் வரும் பெரியவர்களுக்குக் கணக்குப் போடுவது கடினம். ஆகவே, அந்தத் தாள்களை வீட்டுப் பத்திரம் இருக்கும் பையிலேயே வையுங்கள்.